ஏலம் விடக் கூடாத மீன்

பொறாமைப்பட ஆள் கிடைக்காமல் நான் ஒருநாளும் கஷ்டப்பட்டதில்லை. மெத்தை வீடு கட்டியவன், நாற்பது வயதிலும் முடி கொட்டாதவன், மாமியார் வீட்டில் நாற்காலி போடப்படுபவன் என்று ஊருக்குள் எனக்கு நிறைய பேர் இருந்தார்கள். ஆனால் சுனாமியில் வீடு, படகு, வலை மூன்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் கடலூர் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சேத்தியாத்தோப்பில் எனக்குக் கடை. எரிந்துபோன கரண்ட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலை. வீடு அங்கிருந்து சைக்கிள் தூரத்தில், ஏரிக்கரையை ஒட்டிய ஊரில். தேவனாம்பட்டினத்தில் ஐஸ் உடைக்கிற மெஷினின் மோட்டார் உப்புக்காற்றில் அடிக்கடி எரியும். கழற்றி வரப் போகும்போதெல்லாம் எனக்குக் கூடமாட நின்று போல்ட்டு பிடித்தவன் அவன். வயதில் என்னைவிடக் கொஞ்சம் சின்னவன். என்னை மாமா என்பான், நான் மச்சான் என்பேன். அவன் வீட்டு மீன் குழம்பைத் தூக்குவாளியில் வாங்கிவந்து என் மனைவியிடம் கொடுப்பேன். அதைத் தின்றுதான் அவள் அவனைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அலை வந்துபோன மறு மாதம் அவள்தான் சொன்னாள். "ஏங்க, அந்தத் தம்பி பொண்டாட்டிக்கு கடல் சத்தம் கேட்டாலே ஒடம்பு தூக்கிப் போடுதாம். நம்ம பின்கட்டு சும்மாத்தான கெடக்கு? வந்து இருக்கச் சொல்லுங்களேன்."

சொன்னேன். 2005 தை மாதம் புருஷனும் பொண்டாட்டியும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார்கள். பதினைந்து நாள் எனக்கு ராஜமரியாதை. டீக்கடையில், "பெரிய மனசுய்யா ஒனக்கு" என்றார்கள். சிதம்பரத்திலிருந்து என் பெரிய மைத்துனர் போன் போட்டே பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "நம்மால முடிஞ்சது" என்பேன். அந்தக் குனிவைக் கடைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் அவன் வாய்க்காலுக்கு மீன் பிடிக்கப் போனான்.

முதலில் எனக்குச் சிரிப்புதான். ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுத் துப்பினான். "என்னா மாமா, சப்புன்னு இருக்கு. இதுல போயி மீனு எப்பிடி உசுரோட கெடக்கு?" விரால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் என்றதும் என்னை நம்பாமல் பார்த்தான். "மீனு என்னா நண்டா மாமா, பொதைஞ்சுக்க?" கரையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி நான் சிரித்தேன். கடலில் சுறா பிடித்தவனுக்கு நான் விரால் பாடம் எடுக்கிறேன்! அன்று சாப்பாட்டில் இரண்டு கரண்டி கூடவே போட்டுக்கொண்டேன்.

பாடத்தோடு பரிசாக என் பழைய ஊத்தாவையும் கொடுத்தேன். ஊத்தா என்பது மூங்கில் சிம்பில் கட்டிய கூடை. அடியும் திறந்திருக்கும், மேலேயும் திறந்திருக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே சேற்றில் குத்திக்கொண்டு போக வேண்டும். உள்ளே மீன் மாட்டினால் கூடையை முட்டும். மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டியதுதான். நான் கொடுத்ததில் இரண்டு சிம்பு உடைந்திருந்தது. உடைந்திருந்ததால்தான் கொடுத்தேன்.

ஒரே மாதம். அவன் போனால் அரைமணியில் திரும்புவான். இடுப்புப் பையில் இரண்டு விரால், நாலு கெளுத்தி. நான் காலையில் போனால் மதியம் வருவேன். என் மனைவி வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்ப்பாள். "தம்பி மீனு கொண்டாந்துச்சி. நீங்க ஏரியவே கொண்டாந்துட்டீங்க. கெணத்தடிக்குப் போயி கழுவிட்டு வாங்க."

அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்காத ஏதோ ஒன்று தெரிந்திருந்தது. தண்ணீரைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பான். பிறகு போய் ஒரே குத்து. நானும் நின்று பார்த்தேன். என் மூக்குதான் தெரிந்தது.

என் வீட்டுப் பூனை, ஆறு வருடம் என் தட்டில் வளர்ந்த பூனை, மாசி மாதம் பின்கட்டுக்குக் குடிபோய்விட்டது. நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். எந்த வீட்டிலிருந்து மீன் வாசம் வருகிறது என்று யோசித்து முடிவெடுத்த மாதிரி ஒரு பார்வை.

இதை வெளியில் சொல்லவும் முடியாது, அங்கேதான் வேதனை. எதிர்வீட்டுக்காரனைப் பற்றி என்றால் டீக்கடையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொள்ளலாம். எல்லாம் இழந்துவிட்டு வந்தவனைப் பற்றி என்ன பேச? "பாவம்யா, எவ்வளவு நல்லா மீன் பிடிக்கிறான்" என்று ஊரே சொல்லும். நானும் "பாவம், பாவம்" என்று சொல்லிக்கொண்டே டீயைக் கடித்துக் குடிப்பேன்.

வைகாசியில் ஏரி அழிக்கிற நாள் வந்தது. தண்ணீர் வற்றி முழங்காலுக்கு இறங்கியதும் குத்தகைக்காரர் பெரிய வலை போட்டு எடுத்துக்கொள்வார். மிச்சத்தை ஊருக்கு விட்டுவிடுவார்கள். தண்டோரா போட்டு நாள் சொல்வார்கள். அன்று விடிந்ததும் நாட்டாமை கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசினதும் ஆண், பெண், கிழம், கட்டை எல்லாம் இறங்கலாம். பெரிய விரால் பிடித்தவருக்கு அந்தத் துண்டையே நாட்டாமை தோளில் போடுவார். அப்படி என் வீட்டில் ஐந்து துண்டு இருந்தது. என் மனைவி அவற்றில்தான் தலை துவட்டுவாள். இருந்தாலும் ஐந்து ஐந்துதான். டீக்கடையில் எனக்கு விரால்காரர் என்றே பெயர்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அன்று பிடித்த மீனை விற்கக் கூடாது. சமைக்கலாம், உறவுக்குக் கொடுக்கலாம், பக்கத்து வீட்டுக்கு அனுப்பலாம். ஒரு கெண்டைக்குஞ்சை விலைக்கு விட்டாலும் மறு வருஷம் ஏரி நிரம்பாது என்பது ஊர் நம்பிக்கை. இதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தாய்ப்பாலோடு வருவது. தாய்ப்பாலைத் தேவனாம்பட்டினத்தில் குடித்தவனுக்கு மட்டும் தெரியாது.

அன்று காலை என் மனைவி எங்கள் இருவருக்கும் கேழ்வரகுக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"மாமா, கூட்டம் ஜாஸ்தி வருமா?"

"வெளியூருலேர்ந்தெல்லாம் வருவாங்க மச்சான்."

"அப்ப புடிச்சத எங்க போட்டு ஏலம் வுடறது?"

நான் கூழைக் குடித்தேன்.

"நெவாரண அரிசிய தின்னுக்கிட்டு, இங்கயும் அங்கயும் மூட்ட தூக்கிக்கிட்டு, அஞ்சு மாசம் ஆயிப்போச்சி மாமா. இத்தினி நாளா புடிச்சதெல்லாம் நம்ம வூட்டு சட்டிக்குத்தான். கரையில கொட்டி நாலு பேரு சுத்தி நின்னு வெல கேட்டாத்தான் மாமா மீனு புடிச்ச மாதிரி இருக்கும். என்னா சொல்றீங்க?"

மீனை விற்கக் கூடாது மச்சான் என்று சொல்ல நான்கு வார்த்தை போதும். அந்த நான்கும் நாக்கு நுனியில் வந்து வரிசையாக நின்றன. நான் அவன் கையைப் பார்த்தேன். விரலெல்லாம் தடித்து, மீன் முள் கீறின தழும்போடு, சொம்பைச் சும்மா பிடித்திருக்கிற அந்தக் கை. இன்று இந்தக் கைதான் துண்டை வாங்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

"கரை மேல போடு மச்சான். எல்லாரும் பாக்குற எடமா பாத்துப் போடு" என்றேன்.

பொய் சொல்லவில்லை, பாருங்கள். கரைமேல் எல்லாரும்தான் போடுகிறார்கள். ஏரிக்குப் போகிற வழி முழுக்க இந்த வாதத்தை எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டு போனேன். கொஞ்சம் அசிங்கப்படட்டும், அவ்வளவுதான், நாலு பேர் திட்டுவார்கள், விவரம் தெரியாத கடற்கரை ஆள் என்று சிரிப்பார்கள், பூனை திரும்பி வரும் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. அதற்கு மேல் யோசிக்கிற ஆள் நான் இல்லை.

துண்டு வீசினார்கள். நூறு ஊத்தா ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுந்தது. சேறு கலங்கி, மீன் துள்ளி, ஆள்மேல் ஆள் விழுந்து ஒரே கூச்சல். நானும் குத்திக்கொண்டே போனேன். பத்தாவது குத்தில் உள்ளே முட்டியது. சாதாரண முட்டு இல்லை, ஊத்தாவே ஆடியது. ஆறாவது துண்டு என்று நினைத்துக் கையை விட்டேன். வழவழவென்று நீளமாக ஏதோ ஒன்று என் மணிக்கட்டைச் சுற்றியது.

"பாம்பு!"

அப்படி ஒரு ஓட்டத்தை நான் பள்ளிக்கூடத்தில் ஓடியிருந்தால் ரயில்வேயில் வேலை கிடைத்திருக்கும். ஊத்தா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கரைக்கு ஏறி, கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டு, கையைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். கடித்திருந்தால் எவ்வளவு நேரத்தில் சேத்தியாத்தோப்பு ஆஸ்பத்திரி, அங்கே மருந்து இல்லையென்றால் சிதம்பரம் எவ்வளவு தூரம் என்று கணக்கெல்லாம் ஓடியது. அவன் தண்ணீரை உழுதுகொண்டு வந்தான். கையில் என் ஊத்தா. மற்றக் கையில் ஒரு முழ நீள விலாங்கு மீன் நெளிந்துகொண்டிருந்தது.

"மாமா, ஒங்க ஊத்தாவுல இருந்துச்சி. நல்ல மீனு. வுட்டுட்டு வந்துட்டீங்க."

கிண்டல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவன் நிஜமாகவே கொடுத்தான். என் பையிலேயே போட்டுவிட்டுப் போனான். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், என்னைப் பார்த்து.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அவன் அந்த விராலைப் பிடித்தான். கை நீளம் இருந்தது. தலை மட்டும் ஒரு தேங்காய். ஏரியே திரும்பிப் பார்த்தது. நாட்டாமை துண்டை மடித்துத் தயாராகப் பிடித்துக்கொண்டார்.

அவனோ அவர் பக்கமே போகவில்லை. நேராகக் கரைக்கு ஏறினான். எல்லாரும் பார்க்கிற இடமாக, மதகுக்குப் பக்கத்து மேட்டில், ஒரு உரச்சாக்கை விரித்தான். பையைக் கவிழ்த்தான். நடுவில் பெரிய விரால், ஓரமாக மற்றதெல்லாம் கூறு. அவன் பொண்டாட்டி பக்கத்தில் வந்து நின்றாள். வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குரல் கொடுத்தான்.

"வாங்க வாங்க! உசுரு மீனு! கேளுங்கம்மா, கேளுங்க! பெரிய மீனு எவ்ளோக்குப் போவுது?"

அலை சத்தத்துக்கு மேல் கேட்பதற்கென்றே பழகின குரல். இங்கே அலை இல்லை. ஏரியின் மறுகரை வரைக்கும் கேட்டது. ஒவ்வொரு ஊத்தாவாக நின்றது. தண்ணீரில் நின்ற அத்தனை பேரும் அப்படியே நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் விலை கேட்கவில்லை என்று அவன் இன்னும் சத்தமாகக் கூவினான்.

முதலில் ஒரு கிழவர்தான் சேற்றோடு ஏறி வந்தார். "டேய், ஏரியவாடா விக்கிற? அடுத்த வருசம் காஞ்சா ஒன் தலையில தண்ணி கொண்டாந்து ஊத்துவியா?"

பிறகு எல்லாரும் வந்துவிட்டார்கள். "யாருய்யா இவன ஏரியில எறக்குனது?" "எடம் குடுத்தா மடம் புடுங்குறான்." "கடக்கரை ஆளு கடக்கரைக்கே போவட்டும். இன்னிக்கே பொட்டிய கட்டச் சொல்லு." நாட்டாமை துண்டைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார். "வூட்ட காலி பண்ணிட்டுக் கெளம்பு. ஊரு கட்டுப்பாட்ட மீறுனவனுக்கு ஊருல எடமில்ல" என்றார்.

அவன் பொண்டாட்டி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். திரும்பிப் போவதென்றால் எங்கே? அலைக்குத் தப்பி நின்ற ஒரே சுவருக்கு, அந்தக் கடல் சத்தத்துக்குப் பக்கத்தில். எனக்குத் தெரியும். அவர்களைக் கூப்பிட்டு வந்தவனே நான்தான்.

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சுடும், பிறகு கால் என்னைக் கேட்காமல் நடக்கும். கால் நடக்க ஆரம்பித்திருந்தது. யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு கருவேலங்காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். இரண்டும் இடது கால் செருப்பு.

"எங்க போறீங்க?" என் மனைவி.

"ஒண்ணுக்கு."

"இவ்ளோ நேரம் தண்ணியிலதான நின்னீங்க?"

என்னையே பார்த்தாள். காலையில் கூழ் ஊற்றினவள் அவள். அந்தப் பார்வையைப் பார்த்துக்கொண்டு ஒண்ணுக்குப் போக எவனாலும் முடியாது.

நான் திரும்பினபோது நாட்டாமை அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒனக்கு யாரும் சொல்லல?"

அவன் என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு நாட்டாமையைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். "தெரியாம பண்ணிட்டேங்க. என் தப்புதாங்க."

மாமாதான் போடச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீன்தான் என்னைவிட நன்றாகப் பிடிக்கிறான் என்று பார்த்தால் மனுஷத்தனத்திலும் என்னைத் தாண்டுகிறானே! அதற்கும் பொறாமைப்பட்டேன். அந்த நிமிஷத்தில், அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு. என்னை என்ன சொல்ல?

வாயைத் திறந்தேன். நான் சொல்ல நினைத்திருந்தது, "காலையில கேட்டான், நான்தான் மறந்துட்டேன்" என்பது. பாதி உண்மை, பாதி மானம். ஆனால் பயத்தில் என் வாய் கணக்குப் பார்க்காது.

"நான்தான் போடச் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

"எதுக்குய்யா?" என்றார் நாட்டாமை.

"அவன் என்ன வுட நல்லா புடிக்கிறான்."

 எங்கேயோ ஒரு பெண் களுக்கென்றாள். அவ்வளவுதான், ஏரி உடைந்த மாதிரி ஊரே சிரித்தது. திட்ட வந்த கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அவனும் அவன் பொண்டாட்டியும் என் மனைவியும் மட்டும் சிரிக்கவில்லை.

நாட்டாமை தீர்ப்புச் சொன்னார். தெரியாமல் செய்தவனுக்குத் தண்டனை இல்லை, அவன் இருக்கட்டும். தெரிந்து செய்தவன் இரண்டு வருஷம் ஏரியில் கால் வைக்கக் கூடாது. விலைக்கு வைத்த மீன் எந்த வீட்டு அடுப்புக்கும் போகக் கூடாது, கரையிலேயே சமைத்து ஊரே சாப்பிட்டுவிட வேண்டும். பரிமாற வேண்டியது நான். அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழையில் ஏரி நிரம்பியதோடு நிற்காமல் வழிந்து எங்கள் தெருவுக்கே வந்தது வேறு விஷயம். அதற்குப் பிறகு டீக்கடையில் சில பேர், ஏரி அளவோடு நிரம்ப அடுத்த தடவை இரண்டு கூறு மட்டும் ஏலம் விடலாமா என்று யோசித்தார்கள்.

மதியம் கரையில் அடுப்பு மூட்டினார்கள். தாமரை இலையைப் பறித்துப் போட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் குழம்பு வாளியும் கரண்டியுமாக வந்தேன். ஆளாளுக்கு ஒரு வார்த்தை. "பாம்பு ஏதாவது கெடக்கா பாத்து ஊத்துங்க." "விரால்காரரே, ஒழுங்கா போடுங்க, எங்களயும் ஏமாத்திறாதீங்க." எல்லாவற்றுக்கும் நான் பல்லைக் காட்டினேன். கிண்டலுக்குக் கிண்டல் எனக்குக் கைவந்தது.

அவன் இலைக்கு வந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

"மொத மொத நீங்க எங்க படகுல ஏற வந்தப்ப, செருப்போட காலத் தூக்கினீங்க. ஞாபகம் இருக்குதா மாமா?"

"ம்."

"செருப்போட ஏறக் கூடாதுன்னு நான் காதோட வந்து சொன்னன்ல? யாரும் பாக்குறதுக்கு முன்னால சொன்னன்ல?"

 வாளிக்குள் பார்த்தேன். விரால் தலை மேலேயே கிடந்தது. தலை, பிடித்தவனுக்கு. அதுவும் ஊர்க் கட்டுப்பாடுதான். அவ்வளவு பெரிய தலையை நான் என் ஐந்து துண்டிலும் பார்த்ததில்லை. கரண்டியில் எடுத்தபோதுகூட, இது என் இலையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, ஓடியது.

"இந்த ஏரி மீன வெலைக்கு வுடக் கூடாது மச்சான்" என்றேன். "வித்தா ஏரி ரொம்பாதுன்னு சொல்லுவாங்க."

காலையில் சொல்லியிருக்க வேண்டியது. ஆறு மணி நேரம் தாமதம். தலையை அவன் இலையில் வைத்தேன்.

அவன் அதை இரண்டாகப் பிளந்தான். பாதியைப் பக்கத்தில் இருந்த அவன் பொண்டாட்டி இலையில் வைத்தான். மற்றப் பாதியிலிருந்து கண்ணைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். கொஞ்சம் எனக்கு என்று எடுத்து நீட்டுவானோ என்று நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீட்டவில்லை. நிதானமாக, முள் முள்ளாகச் சப்பிச் சாப்பிட்டான்.

"ஏன்யா, அங்கேயே குடித்தனம் பண்ணப் போறியா? இந்தப் பக்கம் எல காயுது" என்று அடுத்த இலையிலிருந்து கிழவர் கத்தினார். நான் நகர்ந்தேன்.